பாலூட்டும் தாய் முயலின் புழுக்கை மாறியிருக்கிறது: கழிச்சலா, வேறு ஏதாவதா?

வெண்பஞ்சு

எல்லாருக்கும் வணக்கம். என் பெண் முயல் குட்டி போட்டு இரண்டு வாரம் ஆகப் போகிறது. ஏழு குட்டிகள். எல்லாமே வயிறு நிறைந்து நன்றாக இருக்கின்றன. தாயிடம்தான் ஏதோ மாறியிருக்கிறது. ஈனுவதற்கு முன்னால் உலர்ந்த, ஒரே அளவான புழுக்கை போடும். இப்போது காலையில் கூண்டைத் திறந்தால் கறுப்பாக, பளபளவென்று, ஒன்றோடொன்று ஒட்டிய மெத்தென்ற கொத்து கிடக்கிறது. வாடையும் கடுமை. பின்பக்க முடியில் கொஞ்சம் அப்பிக்கொண்டிருக்கிறது. குட்டிப்பெட்டிக்குள் பார்த்தால் அங்கேயும் சில உலர்ந்த புழுக்கைகள்.

தீனி குறையவில்லை, முன்பைவிட இரண்டு மடங்கு தின்கிறது. பால் நன்றாக ஊற வேண்டும் என்று அது கேட்கும்போதெல்லாம் அடர்தீவனம் வைக்கிறேன். இது கழிச்சலா? ஒரு நாள் தீவனத்தை நிறுத்திப் பார்க்கலாமா? பால் குடிக்கும் குட்டிகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கூண்டுக்காரர்

தீவனத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வயிறு கெட்ட நாயை ஒரு வேளை பட்டினி போடுவார்கள். முயலுக்கு அது ஆகாது, பாலூட்டும் முயலுக்கு அறவே ஆகாது.

சில விஷயங்களைச் சொல்லுங்கள். அந்தக் கொத்து தவிர உலர்ந்த புழுக்கையும் வழக்கம் போல் விழுகிறதா? வயிற்றைத் தொட்டால் இறுக்கமாக இருக்கிறதா? கூனி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கிறதா? உலர்புல் எவ்வளவு தின்கிறது? தண்ணீர் நிப்பிளை விரலால் அழுத்திப் பார்த்தீர்களா?

வெண்பஞ்சு

உலர்ந்த புழுக்கை நிறைய விழுகிறது, முன்பைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கிறது. வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. பல் கடிக்கவில்லை, கூப்பிட்டால் ஓடி வருகிறது. நிப்பிளில் தண்ணீர் வருகிறது. உலர்புல்தான் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. அடர்தீவனத்தைத் தின்று முடித்ததும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

புல்வெளி

அப்படியென்றால் பாதிக் கவலையை இறக்கி வைத்துவிடலாம். நீங்கள் பார்ப்பது கழிச்சல் இல்லை. தாய் தின்னாமல் விட்ட மென்புழுக்கை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் முயலின் வயிற்றுக் கோளாறுகளில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முயல் இரண்டு விதமாகக் கழிக்கிறது. தின்றது சிறுகுடலைத் தாண்டியதும் பெருங்குடலின் தொடக்கத்தில் அது பிரிக்கப்படுகிறது. அரை மில்லிமீட்டரைவிடப் பெரிய நார்த்துணுக்குகள் விரைவாக வெளியே தள்ளப்பட்டு, நீர் உறிஞ்சப்பட்டு, நாம் தினமும் கூட்டி அள்ளும் உலர்ந்த புழுக்கை ஆகின்றன. பொடித்துகள்களும் நீரும் பின்பக்கமாகத் திருப்பித் தள்ளப்பட்டு, சீக்கம் என்று மருத்துவர்கள் சொல்லும் பெரிய பைக்குள் போகின்றன. முயலின் செரிமானப் பாதையில் இருப்பதில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரு பையில்தான் இருக்கும். அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. பி வைட்டமின்கள், வைட்டமின் கே, நுண்ணுயிர்ப் புரதம் எல்லாம் அதில் சேர்கின்றன. பிறகு அந்தச் சரக்கு சளிப்படலம் பூசிய சின்னச் சின்ன உருண்டைகளாக, திராட்சைக் கொத்து மாதிரி வெளியே வருகிறது. இதுதான் மென்புழுக்கை. முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடும். அந்தச் சளிப்படலம்தான் வயிற்று அமிலத்திலிருந்து உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களைச் சில மணி நேரம் காப்பாற்றுகிறது.

நலமாக இருக்கும் முயலின் கூண்டில் இதை நாம் பார்ப்பதே அபூர்வம். அதனால்தான் முதல் முறை கண்ணில் பட்டதும் எல்லாருமே கழிச்சல் என்று நினைத்துவிடுகிறோம்.

சரி, பாலூட்டும்போது என்ன மாறுகிறது? முயல்பால் மிகவும் கெட்டியானது. கொழுப்பு 12 சதவீதத்துக்கு மேல், புரதம் 10 சதவீதத்துக்கு மேல். பசும்பாலில் இவை 4, 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பால் நாளுக்கு நாள் கூடி, ஈன்ற மூன்றாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். நடுத்தர எடையுள்ள ஒரு தாய் அப்போது நாளொன்றுக்கு 200 முதல் 250 கிராம் பால் தரும். அவ்வளவையும் தீவனத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் இரண்டு மூன்று மடங்கு தின்கிறது. உலர்ந்த புழுக்கை பெரிதாகவும் அதிகமாகவும் விழுவது அதன் நேரடி விளைவு, அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

நேரமும் மாறுகிறது. சாதாரண முயல் மென்புழுக்கையைப் பெரும்பாலும் விடிகாலையிலிருந்து பகல் பொழுதுக்குள் ஒரே தொடர்ச்சியாகத் தின்று முடிக்கும். பாலூட்டும் தாய்களில் அது விடிகாலையில் ஒரு பகுதி, பிற்பகலில் ஒரு பகுதி என்று பிரிவதாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே உங்கள் முயல் மதியத்துக்கு மேல் குனிந்து எதையோ விழுங்குவதைப் பார்த்தால் பதற வேண்டாம்.

தின்னாமல் விடுவதற்கான காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. அடர்தீவனம் வேண்டிய மட்டும், உலர்புல் தொடுவதே இல்லை. மாவுச்சத்தும் புரதமும் அதிகமாக, நார் குறைவாக உள்ளே போனால் சீக்கத்தில் நுண்ணுயிர்களின் சமநிலை மாறும். மென்புழுக்கை அளவுக்கு மேல் உருவாகும், குழைந்துபோகும். ஏற்கெனவே வயிறு நிறைந்த தாய்க்கு அதைத் தின்னவும் தோன்றாது.

செல்லமுயல்

எனக்கும் இதே மாதிரி ஒருமுறை நடந்தது. எதற்கும் வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சம் இருக்கும் அமாக்சிசிலின் சிரப் இருந்தால் சில துளிகள் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கிருமி இருந்தால் நிற்கும்.

கால்நடைத்துணை

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் ஆகியவை முயலைக் கொல்லக்கூடிய மருந்துகள். சீக்கத்தில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிடுகின்றன. காலியான அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள், குறிப்பாக கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மே, பெருகி நஞ்சை உண்டாக்கும். மருந்து கொடுத்த பிறகு, சில நேரம் சில நாள் கழித்துக்கூட, தண்ணீராகக் கழிந்து முயல் இறந்துபோகும். ஒன்றும் இல்லாத மென்புழுக்கைப் பிரச்சினைக்கு மருந்து கொடுத்து உண்மையான கழிச்சலை வரவழைத்த கதைகளை நிறையப் பார்த்துவிட்டோம். முயலுக்குப் பாதுகாப்பான ஆன்டிபயாடிக்குகள் வேறு இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

@செல்லமுயல், உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் இதைப் படிக்கும் ஒருவர் அப்படியே செய்துவிடக்கூடும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

செல்லமுயல்

நன்றி அண்ணா. இவ்வளவு ஆபத்து என்று தெரியாது. இதைத் தெரிந்துகொண்டதே பெரிய விஷயம்.

வெண்பஞ்சு

மருந்து எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். இப்போது அடர்தீவனத்தை எப்படிக் குறைப்பது? குறைத்தால் பால் வற்றிவிடாதா?

கூண்டுக்காரர்

பட்டினி ஏன் கூடாது என்று சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முயலின் குடல், மேலிருந்து நார் வந்துகொண்டே இருந்தால்தான் அசையும். வரத்து நின்றால் குடல் ஓட்டமும் நின்றுபோகும். பாலூட்டும் தாய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் உடம்பு பாலுக்காகச் சக்தியைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தீனி நின்றால் உடம்பில் உள்ள கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும், அந்தக் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கும், கொழுப்பு கரைவதால் உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தில் ஏறும். ஈனுவதற்கு முந்தைய கடைசி வாரத்திலும் ஈன்ற பிறகும் தீனி எடுக்காமல் போகும் முயல்கள், அதிலும் உடம்பு பெருத்தவை, இப்படித்தான் திடீரென்று சாய்ந்துவிடுகின்றன.

அதனால் அடர்தீவனத்தை வெட்டிக் குறைக்க வேண்டாம். நாள் முழுதும் கிண்ணம் நிறைய வைப்பதை விட்டு, அளந்து இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். காலையில் முதலில் புதிய உலர்புல். அதைக் கொஞ்ச நேரம் கடித்த பிறகுதான் அடர்தீவனம். மாற்றத்தை ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். தீவன மூட்டையில் அச்சிட்டிருக்கும் விவரத்தையும் பாருங்கள். பாலூட்டும் முயலுக்குப் புரதம் 17 முதல் 18 சதவீதம் தேவை. கச்சா நார் 14 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தானியத்தைத் தனியாக அள்ளிப் போடும் பழக்கம் இருந்தால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

உலர்புல்லை ஏன் தொடுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பழசாகி, தூசி படிந்து, வாசனை போன புல்லை எந்த முயலும் தொடாது. பச்சையாக இருந்து சரியாகக் காய்ந்த புல்லைக் கையளவு கையளவாக அடிக்கடி மாற்றி வைத்தால் தின்னும். குதிரைமசால் உலர்புல் பாலூட்டும் காலத்தில் சேர்க்கலாம், சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதில் அதிகம். ஆனால் அடர்தீவனத்திலேயே புரதம் நிறைந்திருந்தால் குதிரைமசாலையும் சேர்க்கும்போது மென்புழுக்கை இன்னும் கூடும். உங்கள் நிலைமையில் சாதாரணப் புல்வகைதான் நல்லது.

நீள்காது

தீவனம் தவிர இன்னொரு காரணத்தையும் பார்த்துவிடுங்கள். மென்புழுக்கையைத் தின்ன முயல் நன்றாக வளைந்து குனிய வேண்டும். மடியில் வலி இருந்தால் குனியாது. பாலூட்டும் முயலைத் தினமும் ஒரு தடவை புரட்டி, ஒவ்வொரு காம்பையும் விரலால் தொட்டுப் பார்ப்பது நல்லது. ஓர் இடத்தில் மட்டும் சூடு, கட்டி, சிவப்பு, நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால் அது மடிவீக்கம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தாடைக்குக் கீழே சதை மடிப்பு பெரிதாகத் தொங்கும் பெண் முயல்களுக்கும், பருத்தவற்றுக்கும், பாதத்தில் புண் உள்ளவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. கூண்டில் குட்டிப்பெட்டி வைத்த பிறகு தாய்க்கு உடம்பைத் திருப்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்பக்கம் அப்பியிருப்பதை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, உடனே ஈரம் போகத் துவட்டுங்கள். முழு முயலையும் குளிப்பாட்ட வேண்டாம், அது அதிர்ச்சி கொடுக்கும். வெயில் காலத்தில் இந்த இடத்தைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள் புழு பொரித்துத் தோலைத் தின்னத் தொடங்கிவிடும்.

வெண்பஞ்சு

மடியைப் பார்த்தேன். எல்லாக் காம்பும் மெத்தென்று ஒரே மாதிரி இருக்கிறது, தொட்டால் துள்ளவில்லை. கூண்டில் இடம் போதும். புல் பழசுதான், இன்றைக்குப் புதிதாக மாற்றிவிட்டேன்.

குட்டிப்பெட்டிக்குள் கிடக்கும் புழுக்கையைத் தினமும் பொறுக்கி எடுத்துவிடுகிறேன். ஆனால் அடுத்த நாளும் கிடக்கிறது. தாய்க்குக் கழிக்கும் இடம் மறந்துவிட்டதா?

ஈரமூக்கு

பெட்டியைச் சுத்தமாக வைத்தே ஆக வேண்டும். ஒரு புழுக்கைகூட விடாதீர்கள். குட்டிகளுக்கு நோய் தொற்றுவதே அதிலிருந்துதான்.

புல்வெளி

இதில் நான் மாறுபடுகிறேன். பாலூட்டும் முயல்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக அழகான தகவல்களில் இதுவும் ஒன்று.

தாய் முயல் குட்டிகளோடு படுப்பதில்லை. பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒரு தடவை, மூன்று நான்கு நிமிடம் பெட்டிக்குள் வந்து பாலூட்டிவிட்டுப் போய்விடும். அப்படி வரும்போது சில உலர்ந்த புழுக்கைகளைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டுப் போகும். அதற்கு இடம் மறந்துபோகவில்லை. குட்டிகள் இரண்டாவது வாரத்தில் அவற்றைக் கொறிக்கத் தொடங்கும். அப்போது அவை பாலைத் தவிர வேறு எதையும் தின்னும் வயதுக்கு வந்திருக்காது. தாயின் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் குட்டியின் குடலுக்கு வந்து சேரும் வழி இது. தாய் என்ன தின்கிறது என்ற சுவையையும் குட்டி இதிலிருந்து கற்றுக்கொள்கிறது. பிரான்ஸில் இன்ரா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தாயின் புழுக்கையைத் தின்ன விட்ட குட்டிகளில் சீக்கத்து நுண்ணுயிர்களின் வளர்ச்சி வேறுபட்டதையும், பால் மறந்த பிறகு இறப்பு குறைந்ததையும் காட்டியிருக்கிறார்கள்.

பால்குடிக் குட்டியின் வயிறு நம் வயிறு மாதிரி அமிலம் நிறைந்தது இல்லை. முயல்பாலில் இருக்கும் ஆக்டனோயிக், டெகனோயிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள்தான் அந்த நாட்களில் கிருமிகளை அடக்கி வைக்கின்றன. பால் குறையக் குறைய அந்தக் காவல் விலகும். அதற்குள் குடலில் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறியிருக்க வேண்டும். தாய் போட்டுவிட்டுப் போகும் சில புழுக்கைகளின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே தாய் நலமாக இருந்தால் உலர்ந்த, உருண்டையான அந்தச் சில புழுக்கைகளை விட்டுவிடுங்கள். ஈரமான படுக்கை, குழைந்த மென்புழுக்கை, மூத்திரத்தில் ஊறியவை இவற்றை மட்டும் எடுத்துப் புதிய காய்ந்த புல் போடுங்கள்.

ஈரமூக்கு

ஆய்வு சரியாக இருக்கலாம். ஆனால் ரத்தக் கழிச்சல் நோய், அதுதான் காக்சிடியோசிஸ், தாயின் புழுக்கை வழியாகத்தானே பரவுகிறது? பண்ணையில் அதனால் குட்டிகள் போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

கால்நடைத்துணை

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வளர்ந்த முயல்கள் அறிகுறி எதுவும் காட்டாமல் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியைச் சுமக்கும், முட்டைகளைப் புழுக்கையில் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் வெளியே வந்த உடனே அந்த முட்டைக்கு நோய் உண்டாக்கும் திறன் கிடையாது. ஈரமும் காற்றும் மிதமான சூடும் கிடைத்து முதிர்வதற்கு ஒரு நாளிலிருந்து சில நாட்கள் வரை ஆகும். தாய் தன் மென்புழுக்கையை நேராக விழுங்கும்போது அதற்கு நோய் தொற்றாததும் இதனால்தான். அன்றாடம் விழும் புதிய புழுக்கையில் சில கிடப்பது ஆபத்தை உண்டாக்குவதில்லை. நாள்கணக்காகத் தேங்கி ஈரத்தில் ஊறும் பழையதுதான் ஆபத்து. பழையதை அகற்றி, புதிதாக விழுவதை விட்டுவைத்தால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

ஆனால் தாய்க்கு ரத்தக் கழிச்சல் உறுதியாகியிருந்தாலோ, கூட்டத்தில் வேறு குட்டிகள் கழிந்துகொண்டிருந்தாலோ ஈரமூக்கு சொல்வது போல முழுச் சுத்தம்தான். அப்போதும் வழக்கமான கிருமிநாசினிகளை நம்பாதீர்கள். காக்சிடியா முட்டைகள் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்கிவிடும். கொதிநீர், நீராவி, இரும்புக் கூண்டானால் தீச்சுடர், இவைதான் வேலை செய்யும். கூண்டை நன்றாகக் காயவிடுவதும் உதவும்.

ஈரமூக்கு

புதியது, பழையது என்று பிரித்துச் சொன்னது தெளிவாக இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

மழைத்துளி

இழை நன்றாகப் போகிறது, இடையில் என் கேள்வியையும் போடுகிறேன். என் முயல் நேற்று முன்தினம்தான் குட்டி போட்டது. புழுக்கைகள் ஒன்றோடொன்று முடியில் கோத்த மாதிரி வருகின்றன, கொஞ்சம் சிறியதாகவும் இருக்கின்றன. அதோடு மூத்திரம் முன்பெல்லாம் பால் மாதிரி கலங்கலாக இருக்கும், இப்போது தெளிவாகிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

நீள்காது

இரண்டும் தனித்தனி விஷயம், இரண்டுமே எதிர்பார்க்கக்கூடியவை. ஈனுவதற்கு முன் கூடு கட்டத் தன் மார்பு முடியைப் பிடுங்குகிறது, அதில் கொஞ்சம் உள்ளே போய்விடும். ஈனும் முன் ஒன்றிரண்டு நாள் தீனியும் குறையும். அதனால் சிறிய, முடியில் கோத்த புழுக்கை. உலர்புல்லும் தண்ணீரும் நன்றாகக் கிடைத்தால் சில நாளில் சரியாகிவிடும். புழுக்கை நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ மட்டும் காத்திருக்காதீர்கள்.

மூத்திரம் பற்றி: முயல் தன் தேவைக்கு மேல் உள்ள சுண்ணாம்புச் சத்தை மூத்திரத்தில்தான் வெளியேற்றும், அந்தக் கலங்கல் அதுதான். இப்போது அந்தச் சத்து பாலுக்குப் போகிறது. அதனால் தெளிவாகிவிட்டது.

தண்ணீரை மறக்க வேண்டாம். பால் கூடும் நாட்களில் ஒரு தாய் நாளுக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்கும். நிப்பிளில் அடைப்பு ஏற்பட்டால் முதலில் புழுக்கை கல்லாகும், அடுத்து தீனி குறையும், அதற்கடுத்து பால். அகலமான கிண்ணத்திலும் கொஞ்சம் தண்ணீர் வைப்பது நல்லது. ஆனால் குட்டிகள் பெட்டியை விட்டு வெளியே வரத் தொடங்கியதும் ஆழமான கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

செல்லமுயல்

எனக்கும் ஒரு சந்தேகம். புழுக்கையின் மேல் வெள்ளை நூல் மாதிரி, சுமார் அரை சென்டிமீட்டரில் நெளிவதைப் பார்த்தேன். குட்டிகளுக்கு ஆபத்தா? வீட்டில் குழந்தை இருக்கிறது.

கால்நடைத்துணை

பெரும்பாலும் முயலின் ஊசிப்புழுவாக இருக்கும், பாசாலூரஸ் என்று பெயர். சீக்கத்திலும் பெருங்குடலிலும் வாழும். அதிகமாகப் பெருகாத வரை முயலுக்குப் பெரிய தொல்லை தராது. மனிதருக்கு வருவது வேறு வகைப் புழு, முயலிடமிருந்து குழந்தைக்கு இது தொற்றாது. பாலூட்டும் காலத்தில் நீங்களாகப் பூச்சிமருந்து கொடுக்காமல், புழுக்கையை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பரிசோதனைக்குப் புழுக்கை எடுத்துப் போவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று விழுந்த புதியது, உலர்ந்ததும் மென்மையானதும் இரண்டும், தனித்தனி மூடிய டப்பாவில். நுண்ணோக்கியில் முட்டை வடிவத்தில் ஈஸ்ட் செல்கள் தெரியும், முயலின் வயிற்றில் இயல்பாகவே வாழ்பவை. பழக்கமில்லாதவர்கள் அதைக் காக்சிடியா என்று சொல்லிவிடுவதுண்டு. முயல் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடிப் போவது இதனால்தான் முக்கியம்.

இந்த இழையைப் பின்னாளில் தேடி வருபவர்களுக்காக, எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் எழுதுகிறேன். உருண்டைப் புழுக்கை அறவே இல்லாமல் தண்ணீராகவோ கூழாகவோ மட்டும் போனால் அதுதான் உண்மையான கழிச்சல். வளர்ந்த முயலுக்கு அது வருவது அபூர்வம், வந்தால் சில மணி நேரத்தில் உடம்பு நீரை இழந்துவிடும். நிறமில்லாத ஜெல்லி மாதிரி சளி தனியாக வந்து, வயிறு உப்பி, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலப்பது போலக் கேட்டால் அது இன்னும் கடுமையான குடல் நோய். பால் மறந்த குட்டிகளில் அதிகம் பார்க்கிறோம், பாலூட்டும் தாய்களுக்கும் வருவதுண்டு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புழுக்கையே விழாமல், தீனியும் எடுக்காமல் இருந்தால் நள்ளிரவானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருந்தால் நிலைமை மோசம், போகும் வழியிலேயே துணியில் சுற்றிச் சூடாக வைத்திருக்க வேண்டும். காது தொங்கி, தசை துடித்து, நிற்க முடியாமல் இருந்தால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கலாம், அது ஊசிமருந்தால் சரியாகக்கூடியது. வயிறு உப்பியிருக்கும் முயலுக்குக் கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். அடைப்பு இருந்தால் இரைப்பை வெடித்துவிடும் அபாயம் உண்டு.

இவை எதுவும் இல்லாமல், தாய் நன்றாகத் தின்றுகொண்டு, உலர்ந்த புழுக்கையும் போட்டுக்கொண்டு, கூடவே கொஞ்சம் மென்புழுக்கை கிடந்தால், தீவனத்தைத் திருத்தி ஒரு வாரம் பார்க்கலாம்.

வெண்பஞ்சு

ஒரு தகவல். நீங்கள் சொன்னபடி அளந்து பிரித்து வைத்ததிலிருந்து மாற்றம் தெரிகிறது. புதிய புல்லை விரும்பித் தின்கிறது. காலையில் கிடக்கும் கொத்து குறைந்துகொண்டே வந்தது, இப்போது எப்போதாவது ஒன்றுதான். மனநிம்மதிக்காகப் புழுக்கையை மருத்துவரிடமும் காட்டினேன். காக்சிடியா இல்லை, குடல் ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார். குட்டிகளின் எடை குறையவில்லை. பெட்டியில் விழும் உலர்ந்த புழுக்கையை இப்போது எடுப்பதில்லை, ஒரு குட்டி அதைக் கொறித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்!

கடைசியாக ஒன்று. குட்டிகள் வெளியே வந்து தாயின் தீவனக் கிண்ணத்தில் மூக்கை விடத் தொடங்கிவிட்டன. தாய்க்குச் சரியான தீவனம் குட்டிகளுக்கும் சரியா? எப்போது பிரிப்பது?

புல்வெளி

மிக்க மகிழ்ச்சி. மூன்றாவது வாரத்தில் குட்டிகள் தீவனத்தைத் தொடுவது இயல்பு, தங்கள் மென்புழுக்கையைத் தின்னத் தொடங்குவதும் அதையொட்டித்தான். தாய்க்கு வேண்டிய சத்தான தீவனம் குட்டிகளின் இளம் குடலுக்குச் சற்று அதிகம், அவற்றுக்கு நார் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரே கூண்டில் இரண்டு தீவனம் வைப்பது கடினம். அதனால் அடர்தீவனத்தைக் குட்டிகள் எட்டாத உயரத்தில் தாய்க்கு வைத்து, தரையில் நல்ல உலர்புல்லைத் தாராளமாகப் போட்டு விடுங்கள்.

பிரிப்பதற்கு அவசரப்பட வேண்டாம். 5 முதல் 6 வாரம் ஆகட்டும், வீட்டு முயலானால் 8 வாரம்கூட இருக்கட்டும். அதற்குள் தாயை மறுபடி சேர்க்கைக்கு விடாதீர்கள், பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமந்தால் அதன் வயிறும் உடம்பும் தாங்காது.

பிரிக்கும் நாளில் குட்டிகளை எடுத்து வேறு கூண்டில் போடாமல், தாயை எடுத்து வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டிகளுக்கு அதே கூண்டு, அதே வாசனை, அதே தீவனம் இருக்கட்டும். முதல் இரண்டு வாரத்துக்குத் தீவனத்தில் எந்த மாற்றமும் வேண்டாம். குட்டிகளுக்குக் கழிச்சல் வருவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான், ஆகவே தினமும் காலையில் ஒவ்வொரு குட்டியின் பின்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். தாய்க்குப் பிரித்த அன்றிலிருந்து அடர்தீவனத்தைக் குறைத்து உலர்புல்லும் தண்ணீரும் கொடுத்தால் பால் தானாக வற்றும். அதன் மடியை மட்டும் ஒரு வாரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வெண்பஞ்சு

அப்படியே செய்கிறேன். பிரித்த பிறகு குட்டிகளின் புழுக்கை எப்படி இருக்கிறது என்று இதே இழையில் எழுதுகிறேன்.